ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

எங்கள் வீட்டில் மிக்சி போடுவதற்கு முன் அறிவிப்பு உண்டு. “மிக்சி போடப்போறேன்!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்ததும், சின்னவன் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி மொட்டைமாடிக்கு ஓடுவான். அதே குரலைக் கேட்டுப் பெரியவன் மாடியிலிருந்து அடுப்படிக்கு ஓடி வருவான். ஓடுகிற மிக்சியின் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, அந்த அதிர்வு தோள்வரைக்கும் ஏறுவதை அனுபவிக்க வேண்டும் அவனுக்கு. படிக்கட்டுத் திருப்பத்தில் இருவரும் முட்டிக்கொண்டு விழுந்ததும் உண்டு. அரைமூடித் தேங்காய்ச் சட்னிக்கு இத்தனை ஓட்டம்.

பெரியவனுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சட்டிச் சோறு தின்று வளர்கிறவர்கள். உறவில் ஒருவனுக்குத் தொட்டாச்சிணுங்கி என்றும் ஒருவனுக்கு முரடன் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். “செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க” என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். செல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளியே நடப்பது மூளைக்குப் போய்ச் சேரும் வழியில், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு வைத்துப் படைக்கப்படவில்லை. அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் அதட்டல் குறைந்தது, சிரிப்பு கூடியது. தெரிந்துகொண்டதை ஒழுங்காகச் சொல்ல அடுப்படியை விட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

மூளையை ஓர் அடுப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல்கள் வழியே சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. கண்ணும் காதும் தோலும் கொண்டுவரும் செய்திகள்தான் அந்தச் சரக்கு. வந்ததையெல்லாம் அப்படியே உலையில் போட முடியாது. ஒருவர் உட்கார்ந்து சலித்து, வேண்டியதை மட்டும் உள்ளே தள்ளுகிறார். உள்ளே அடுப்பு எரிகிறது. அந்தத் தீயின் அளவுதான் பிள்ளையின் விழிப்பு நிலை. பல சரக்கு ஒரு பாத்திரத்தில் சேர்ந்து பதத்துக்கு வருகிறது. கடைசியில் பரிமாறுகிறார்கள். நாம் நடத்தை என்று சொல்வது இந்தப் பரிமாறலைத்தான். இலையில் விழுந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கோபித்துக்கொள்கிறோம். அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டு வாசல்

ஐம்புலன் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்தும் வெளியே தெரிகிற வாசல்கள். உள்ளே இன்னும் மூன்று உண்டு. என் பிள்ளைகளைப் புரிந்துகொள்ள அந்த மூன்றும்தான் அதிகம் உதவின.

வெளிவாசலிலேயே வேடிக்கை நிறைய இருக்கிறது. சின்னவன் ஒருநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சட்னியை நாக்கில் வைத்துவிட்டு “சுடுது” என்றான். ஜில்லென்று இருக்கிற சட்னி எப்படிடா சுடும் என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சின்னவன் சொன்னதுதான் சரி. சூட்டை உணர்வதற்கென்று நம் நரம்பு முனைகளில் ஒரு புரதம் இருக்கிறது. வெப்பம் ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொண்டு மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருளும் அதே புரதத்தைத் திறந்துவிடுகிறது. அதனால் மூளையைப் பொறுத்தவரை காரமும் சூடும் ஒரே வாசலில் வருகிற சரக்கு. இதை டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி மிளகாயை வைத்தே கண்டுபிடித்தார். தொடுதலை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்தவர் ஆர்டெம் படபூடியன். இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அண்ணனிடம் இதை விளக்கிச் சொன்னதும் அவன் தம்பியிடம் போய், “உனக்கு நோபல் பிரைஸ்டா” என்று கைகுலுக்கினான். கொஞ்சம் பலமாகக் குலுக்கிவிட்டதால் தம்பி அழுதுகொண்டே பரிசை வாங்கிக்கொண்டான்.

உள்வாசல்களுக்கு வருவோம். முதலாவது உள்காதில் இருக்கிறது. அங்கே மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலையைத் திருப்பினால் குழல் உடனே திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். அப்படிப் பின்தங்கும்போது அது நுண்ணிய மயிர்ச் செல்களை வளைக்கும். தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது அதை வைத்துத்தான் மூளைக்குத் தெரிகிறது. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலை சாய்ந்தால் படிகங்களின் எடை நகரும். மேல் எது, கீழ் எது என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

பெரியவனுக்கு இந்த வாசலில் எவ்வளவு சரக்கு வந்தாலும் போதாது. ஏழாம் வாய்ப்பாட்டை நேராக உட்கார்ந்து சொல்லச் சொன்னால், பாதியில் அவன் மனசு ஜன்னலைத் தாண்டிப் போய்விடும். சோபாவில் காலை மேலே போட்டுத் தலையைக் கீழே தொங்கவிட்டால் கடைசிவரை பிசகாமல் ஒப்பிப்பான். அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்தபோது மின்கணக்கு எடுக்க ஒருவர் வந்தார். வாசலிலிருந்து பார்த்தால் சோபாவின் முதுகுக்கு மேல் இரண்டு பாதம்தான் தெரியும். அவர் அந்தப் பாதங்களைப் பார்த்து, “தம்பி, வீட்ல பெரியவங்க இல்லியா?” என்றார். “இருக்காங்க, ஏழேழு நாப்பத்தொம்பது” என்று கீழிருந்து பதில் வந்தது.

சின்னவனுக்கு அதே வாசலில் கொஞ்சம் வந்தாலே மிகுதி. தலைக்குக் குளிக்கும்போது தலையைப் பின்பக்கம் சாய்த்தால் மாடியிலிருந்து விழுகிறவன் அலறுகிற அலறல் அலறுவான். அது நடிப்பில்லை, அந்தச் சாய்வு அவனுக்கு விழுதலாகவே போய்ச் சேருகிறது. இப்போது முன்பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறான். “நான் புடிச்சிருக்கேன், நீங்க ஊத்துங்க” என்று உத்தரவும் அவனே கொடுக்கிறான்.

இரண்டாவது உள்வாசல் சதையிலும் தசைநாரிலும் மூட்டிலும் இருக்கிறது. சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் 1906-ல் இதற்குப் பெயர் வைத்தார். தசை எவ்வளவு நீள்கிறது, நார் எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும் உணரிகள் அங்கே உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, அது இந்த வாசலின் உபயம். இங்கே சரக்கு குறைவாக வந்தால் தன் கை எங்கே முடிகிறது, எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்பது பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியாது. பெரியவன் நாற்காலியில் உட்கார்வதில்லை, விழுகிறான். பென்சிலை அழுத்துகிற அழுத்தில் அடுத்த மூன்று பக்கத்துக்கும் எழுத்து பதிகிறது. அப்பத்தாவைக் கட்டிப்பிடித்தால், “ஏன்யா, எலும்பை எண்ணிப் பாக்குறியா?” என்று கேட்பார். 25 கிலோ அரிசி மூட்டை வந்து இறங்கினால் அதன்மேல் குப்புறப் படுத்துக் கட்டிக்கொள்வான். முகத்தில் அப்படியொரு நிம்மதி இருக்கும். முரடு என்று ஊர் சொல்வது இதைத்தான். அவன் உடம்பு, தன் எல்லை எதுவென்று முட்டிமோதித் தெரிந்துகொள்கிறது.

மூன்றாவது வாசல் வயிறு, நெஞ்சு, சிறுநீர்ப்பை என்று உள்ளுறுப்புகளிலிருந்து வருவது. பசி, தாகம், வயிறு முட்டுவது எல்லாம் இதன் வழியே. பெரியவனுக்கு இந்தச் சேதியும் மெதுவாகத்தான் கேட்கிறது. ஒரு சாயங்காலம் வந்து, “அப்பா, எனக்குக் கோவமா வருது, யாரு மேலன்னு தெரியல” என்றான். இரண்டு தோசை வைத்தோம். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவன், “அம்மா, கோவம் தோசைக்குத்தான் வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு மூன்றாவதை வாங்கி வந்தான். இவ்வளவு துல்லியமாகத் தன்னைக் கண்டுபிடிக்கிற பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சலிக்கிறவர்

இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் தோளில் சட்டையோ சேலையோ உரசிக்கொண்டிருக்கிறது. நான் சொல்லும்வரை அது நினைவில் இல்லை. அதுதான் சலிக்கிறவரின் வேலை. மூளையின் நடுவில் தலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. பெரும்பாலான புலன்களின் சேதி அங்கே வந்துதான் மேலே போகும். அங்கேயும் அதற்கு மேலும், திரும்பத் திரும்ப வரும் ஒரே சேதியை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடுகிறது. காலையில் போட்ட சட்டையின் உரசல் பத்து நிமிஷத்தில் மறைந்துபோவதில் இதற்கும் பங்கு உண்டு.

சிலருக்குச் சல்லடைக் கண் பெரிது. எதுவும் நிற்பதில்லை, எல்லாம் உள்ளே விழுகிறது. சின்னவனுக்குத் தோல்வாசலில் இந்தப் பாடு. தீபாவளிச் சட்டையை ஆசையாகப் போட்டுக்கொண்டு நாலடி நடப்பான். பிறகு நின்றுவிடுவான். “கழுத்துல யாரோ இருக்காங்க.” லேபிள். கத்தரித்துக் கொடுத்தோம். மறுபடி நாலடி. “அவங்க போகல, குனிஞ்சிருக்காங்க.” தையலுக்குள் கத்தரி எட்டாத முளை மிச்சமிருந்தது. அவன் அம்மா சட்டையைக் கழற்றி வாங்கி, பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்தாள். போட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப கிளம்பிட்டாங்க” என்றான். பிறகுதான் வெடி வெடிக்கப் போனான். காதில் பஞ்சோடு.

“கொஞ்ச நாள் போட்டாப் பழகிரும்” என்று சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பழகும். இவனைப் போன்றவர்களுக்கு ஏன் எளிதில் பழகுவதில்லை என்பதற்கு ஆய்வுகளில் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் செய்து 2015-ல் வெளியான ஆய்வு அது. ஆட்டிசம் உள்ள சிறுவர் சிறுமியருக்கு எரிச்சலூட்டும் ஓசையையும் சொரசொரப்பான கம்பளி உரசலையும் திரும்பத் திரும்பக் கொடுத்து மூளையைப் படமெடுத்தார்கள். மற்றவர்களுக்குப் போகப்போக மூளையின் எதிர்வினை தணிந்தது. புலன் கூச்சம் அதிகமுள்ளவர்களுக்கு, அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி அவ்வாறு தணியவில்லை. முதல்முறை வந்த அதே வேகத்தில் சேதி வந்துகொண்டிருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 2013-ல் இன்னோர் ஆய்வு, புலன் சிக்கல் உள்ள பையன்களின் மூளையில் பின்பக்க இணைப்பு இழைகளின் அமைப்பே சற்று வேறாக இருப்பதைக் காட்டியது. சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் “எல்லாம் நடிப்பு” என்கிறவர்களுக்குக் காட்ட இவை போதும்.

மூக்கு மட்டும் சலிக்கிறவரிடம் வந்து வரிசையில் நிற்பதில்லை. வாசனையின் சேதி தலாமஸைத் தாண்டாமல், நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளுக்கு நேரே போய்விடுகிறது. தாளிப்பு வாசம் அடித்த நொடியில் பாட்டி வீடு ஞாபகம் வருகிறதே, அது இதனால்தான். சின்னவனின் மூக்கு அசாத்தியமானது. ஒரு கல்யாணத்தில் பட்டுச்சேலை கட்டி வந்த பெரியம்மா அவனைத் தூக்கினார். அவன் முகர்ந்துவிட்டுச் சபையறியச் சொன்னான்: “பெரியம்மா, உங்க மேல பீரோ வாசம் வருது.” பாச்சா உருண்டை. பெரியம்மா பெருந்தன்மையானவர்; சிரித்துவிட்டு, “ஆமாய்யா, போன தை மாசம் வச்சது, இன்னிக்குத்தான் எடுத்தேன்” என்றார்.

தீ

வந்த சரக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது தீ. அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்த வின்னி டன் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1997-ல் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். எவ்வளவு சேதி வந்தால் நரம்பு விழித்துக்கொள்ளும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அடுத்தது, விழித்த பிறகு பிள்ளை சும்மா இருந்து தாங்குகிறதா, தானே ஏதாவது செய்து சரிக்கட்டுகிறதா என்பது. இந்த இரண்டையும் சேர்த்தால் நான்கு வகை வரும்.

என் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சொல்கிறேன். பெரியவன் அடுப்பு பெரும்பாலும் சிம்மில் இருக்கிறது. பால் காய வேண்டுமென்றால் தீயைத் தூண்ட வேண்டும். குதிப்பது, சுற்றுவது, சட்டைக் காலரை மெல்வது, எலுமிச்சை ஊறுகாயை விரலால் வழித்துத் தின்பது எல்லாம் தீயைத் தூண்டுகிற வேலை. இட்லி மாவு கரைக்கிற நாளில் முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவான். அந்தக் கையோடு அப்படியே உட்கார்ந்து கதை கேட்பான். ஒரு வார்த்தை விடாமல் கேட்பான். சின்னவன் அடுப்பு எப்போதும் பெருந்தீயில். கொஞ்சம் பார்வை தப்பினால் பொங்கிவிடும். அதனால் அவன் முன்கூட்டியே பாத்திரத்தை இறக்கப் பார்க்கிறான்: காதைப் பொத்துகிறான், மாடிக்கு ஓடுகிறான், தயிர்சாதத்தில் கிடக்கும் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைக்கிறான். அந்தக் கடுகு வரிசையைப் பார்த்து அண்ணன், “சாப்பாட்டுல அணிவகுப்பு நடத்துறான்பா” என்பான்.

பெற்றோர் அதிகம் தடுமாறுகிற இடம் இது: பொங்குவது கடைசித் துளிக்காக இல்லை. காலையில் சாக்ஸின் தையல் விரலில் உறுத்தியது, வேனில் ஹார்ன், வகுப்பில் அறுபது காலணியின் சத்தம், சாப்பாட்டு நேரத்தில் பத்து டிபன் டப்பாவின் வாசம், பள்ளி மணி. எல்லாம் பாத்திரத்தில் ஏறிக்கொண்டே வந்திருக்கும். பள்ளியில் சின்னவன் வாயை மூடிக்கொண்டு சமாளித்திருப்பான். சாயங்காலம் வீட்டில் பிஸ்கட் இரண்டாக உடைந்துவிட்டது என்று அழுகை ஆரம்பிக்கும். “ஒட்டிக் குடுங்க” என்பான். வேறு முழு பிஸ்கட் கொடுத்தாலும் வேண்டாம். அந்த பிஸ்கட்டையே ஒட்டித் தர வேண்டும். அண்ணன் உதவ வந்து, இரண்டு துண்டுக்கும் நடுவில் ஜாம் தடவி அழுத்திக் கொடுத்தான். தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, “கட்டுப் போட்டிருக்கு” என்று சமாதானமாகிச் சாப்பிட்டான். பள்ளியில் நல்ல பிள்ளை, வீட்டில் மட்டும் அடம் என்று டீச்சரும் நாமும் மாற்றி மாற்றிச் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. பள்ளி முடிந்து வந்ததும் கேள்வி கேட்காமல், டிவி போடாமல், அரைமணி நேரம் விட்டுவிட்டால் பாதி அழுகை வருவதே இல்லை.

ஒரே பிள்ளைக்கு எல்லா வாசலிலும் ஒரே தீ இருக்கும் என்றும் நினைக்கக்கூடாது. எல்லாவற்றிலும் கூச்சப்படும் சின்னவனுக்கு நறுக்கென்று கடிபடுவது மட்டும் உயிர். அப்பளம், சீடை, முறுக்கு என்று தாடைக்கு வேலை இருந்தால் போதும். மாவில் முழங்கை வரை முங்குகிற பெரியவன், கை கழுவும்போது சட்டைக் கையின் நுனி நனைந்துவிட்டால் உலகத்தையே நிறுத்திவிடுவான்.

பதம் கூடும் இடம்

தனக்குத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. ஏன் என்று லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோரும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து 1998-ல் எழுதினார்கள். நாமே ஒரு செயலைச் செய்யும்போது, அதனால் வரப்போகும் உணர்வைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துச் சொல்லிவிடுகிறது. தெரிந்து வருகிற சரக்குக்கு அடுப்படி பதறுவதில்லை. மற்றவர் செய்யும்போது அந்த முன்கணக்கு கிடையாது, அப்படியே வந்து விழுகிறது.

இதைப் படித்த பிறகு மிக்சியின் திருகியைச் சின்னவன் கையில் கொடுத்துப் பார்த்தோம். முதலில் ஒரு நொடி போட்டு நிறுத்தினான். பிறகு இரண்டு நொடி. காதைப் பொத்தக் கை இல்லை என்பதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இப்போது வீட்டில் சட்னி அரைப்பது அவன் பொறுப்பு. வேறு யாராவது திருகினால் இன்றும் மாடிதான். ஓசை அதேதான், யார் போட்டார்கள், எப்போது வரும் என்பது தெரிவதில்தான் வித்தியாசம்.

இதை அவன் எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டான் என்பது சித்தப்பா மகள் கல்யாணத்தில் தெரிந்தது. நாதஸ்வரமும் தவிலும் மணவறைக்குப் பக்கத்திலேயே. கெட்டிமேளம் வரும் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆளைக் காணவில்லை. பார்த்தால் தவில்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, “மாமா, பெருசா அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் சொல்லிருங்க” என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. “சரிங்க தம்பி” என்று குச்சியை லேசாகத் தூக்கிக் காட்டினார். தாலி எடுக்கும் நேரம் வந்தது. ஐயர் கையைத் தூக்கினார். தவில்காரர் கூட்டத்தில் எங்கள் பையனைத் தேடிக் கண்டுபிடித்து, குச்சியைத் தூக்கினார். இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அடிக்கலாம் என்று தலையை ஆட்டினான். பிறகுதான் கெட்டிமேளம் முழங்கியது. அந்தக் கல்யாணத்தில் அவன் அழவே இல்லை. அந்தக் கலைஞருக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரிது.

கைப்பக்குவம்

தீயைக் கூட்டவும் குறைக்கவும் வீட்டிலேயே வழி நிறைய இருக்கிறது. அதில் பாதி அப்பத்தாவிடம் இருந்தது.

மெல்லிய தொடல் ஒரு வகை, அழுத்தமான தொடல் வேறு வகை. தோலின் மேலடுக்கில் இருக்கும் மெய்ஸ்னர் உணரிகள் லேசான உரசலைப் பிடிக்கின்றன. ஆழத்தில் இருப்பவற்றில் ரஃபினி இழுவையைப் பிடிக்கும், பசினி அதிர்வைப் பிடிக்கும். பெரியவன் மிக்சி மூடியில் கை வைத்து ரசிப்பது பசினியின் தயவால். கூச்சமுள்ள பல பிள்ளைகளுக்கு லேசாகத் தொட்டால்தான் எரிச்சல். அழுத்திப் பிடித்தால் அடங்குகிறார்கள். சின்னவன் தலையை நான் விரல் நுனியால் கோதினால் தட்டிவிடுவான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அப்பத்தா உள்ளங்கையால் தலையிலும் முதுகிலும் அழுத்தித் தேய்க்கும்போது கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முடிவெட்டப் போகும் முன் தலையையும் தோளையும் நன்றாக அழுத்திவிட்டால் கடைக்காரர் பாடு எளிதாகிறது.

தூளியும் அப்படித்தான். சேலைத் துணி உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது, ஆட்டம் ஒரே சீராக முன்னும் பின்னும் போகிறது. சீரான ஆட்டம் தீயைத் தணிக்கும். சுற்றுவதும் திடீரென்று நிற்பதும் தீயைத் தூண்டும். இரவில் பெரியவனை ராட்டினம் சுற்ற விட்டுவிட்டுத் தூங்கச் சொன்னால் தூங்கமாட்டான். ஊஞ்சல் என்றால் பத்து நிமிஷத்தில் கொட்டாவி.

அவனுக்கு வீட்டுப்பாடத்துக்கு முன் உடம்பு வேலை கொடுக்கிறோம். தண்ணீர்க் குடம் தூக்குவது, அரிசி மூட்டையை நகர்த்துவது, துவைத்த பெட்ஷீட்டைப் பிழிவது. சப்பாத்தி மாவு பிசைகிற நாளில் எழுத்துகூட ஒழுங்காக வருகிறது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த விளையாட்டு ஒன்றும் உண்டு. சின்னவன் மெத்தையில் படுத்துக்கொள்வான், பெரியவன் தலையணைகளை அவன் மேல் அடுக்கி இரண்டு கையாலும் அழுத்துவான். தம்பிக்கு அழுத்தம் கிடைக்கிறது, அண்ணனுக்குத் தள்ளுகிற வேலை கிடைக்கிறது. “இன்னும் பெரியவங்களா ஒரு தலகாணி போடுண்ணே” என்று உள்ளிருந்து குரல் வரும். முகத்தின் மேல் எதுவும் வரக்கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாய விதி.

இதையெல்லாம் ஒரு துறையாக்கியவர் கலிபோர்னியாவின் ஏ. ஜீன் ஏர்ஸ். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளர். புலன்களை ஒன்றுசேர்க்கும் மூளையின் வேலை பற்றி 1972-ல் அவர் எழுதிய நூலின் தாக்கம் இன்று ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) வகுப்புகளில் இருக்கும் ஊஞ்சலிலும் பெரிய பந்திலும் தெரிகிறது. புலன் எதிர்வினை கூடுவதும் குறைவதும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்க்கப்பட்டது. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிடமும் இது உண்டு. ஆனால் இதைத் தனி நோயாக அந்தக் கையேடு ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2012-ல், இதை மட்டும் தனி நோயாகப் பெயரிட்டு நிறுத்திவிடாமல் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றது. இது நியாயமான எச்சரிக்கை. தெரபியால் பயன் கண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் தீரும் என்று சொல்லிப் பணம் கறப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே கனம் வைத்துத் தைத்த எடைப் போர்வையை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கச் சொல்வார்கள். ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் தூக்கத்துக்கு அது உதவுகிறதா என்று பார்த்து 2014-ல் வெளியான ஆய்வில் தூக்கம் கூடவில்லை. கைக்குழந்தை மேல் போட்டால் ஆபத்து வேறு.

உங்கள் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சாப்பாடு இரண்டு மூன்று பொருளோடு நின்றுவிட்டது, எடை ஏறவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தோடு நிற்க வேண்டாம். காது, கண் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். விசேஷ வீட்டில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நின்றால், கையைப் பிடித்து இழுத்து “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லாதீர்கள். முத்தம் வேண்டாமென்று விலகினால் விட்டுவிடுங்கள். பந்தியில் ஸ்பூன் கேட்டால் கொடுங்கள். புதுத்துணி எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் பின்கழுத்து லேபிளைக் கத்தரிக்காமல் தையலைப் பிரித்து எடுத்துவிட்டு, ஒரு தரம் துவைத்துக் கொடுங்கள். கஞ்சி மொடமொடப்பும் போய்விடும்.